எக்ஸ்-ஃபைல்ஸ் 1998 திரைப்படம்: முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்க அரசின் நிழலில் ஒரு ரகசியக் கூட்டம். பூமியைக் கைப்பற்ற வரப்போகும் வேற்றுக்கிரகவாசிகளோடு அந்தக் கூட்டம் செய்துகொண்ட உடன்பாடு. அதை மோப்பம் பிடித்துத் துரத்தும் முல்டர், ஸ்கல்லி என்ற இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள். 1998 ஜூனில் வெளிவந்த எக்ஸ்-ஃபைல்ஸ் படத்தின் கதை இவ்வளவுதான். ஆனால் எதுவும் தெரியாமல் போய் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் குழம்பிவிடும். சிகரெட்டோடு மூலையில் நிற்கும் அந்த மனிதர் யார், தேனீக்கள் எங்கிருந்து வந்தன, இவர்கள் இருவரும் ஏன் இப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எதையும் படம் நின்று விளக்காது. ஐந்து சீசன் ஓடி முடிந்த ஒரு தொலைக்காட்சித் தொடரின் நடுவில் வந்த படம் இது. முன்கதையின் பெரும்பகுதி வெளியே கிடக்கிறது.

நான் முதலில் இதைக் கேபிள் டிவியில், பாதியிலிருந்து பார்த்தேன். அண்டார்டிகாவில் ஒருவர் பனிக்குள் விழுவது மட்டும்தான் மனதில் நின்றது. பல வருடம் கழித்துத் தொடரை முழுக்கப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தபோதுதான் எவ்வளவு நல்ல படத்தைத் தவறவிட்டிருந்தேன் என்று தெரிந்தது. சென்ற வருடம் என் தங்கை இதைப் பார்க்க வேண்டும் என்றாள். அவளுக்கு எந்த வரிசையில் எதைக் காட்டினேன், எங்கே நிறுத்திப் பேசினோம் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

சரியான படத்தை எடுங்கள்

இந்தப் பெயரில் இரண்டு திரைப்படங்கள் உண்டு. நமக்கு வேண்டியது 1998இல் வந்தது. ராப் பௌமன் இயக்கியது, இரண்டு மணி நேரம் ஓடும். 'ஃபைட் த ஃப்யூச்சர்' என்ற துணைத்தலைப்போடும் தேடலாம். 2008இல் வந்த 'ஐ வாண்ட் டு பிலீவ்' தனிக்கதை. அதில் படையெடுப்பும் இல்லை, தொடரின் பெரிய சதிக்கதையும் இல்லை. இரண்டிலும் பனி நிறைய வருவதால் படத்துண்டுகளை வைத்துத் தேடுகிறவர்கள் மாற்றி எடுத்துவிடுகிறார்கள். வருடத்தைப் பார்த்து எடுங்கள்.

எவ்வளவு முன்கதை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

தொடர் 1993 செப்டம்பர் 10 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. உருவாக்கியவர் கிறிஸ் கார்ட்டர். படம் வருவதற்குள் 117 எபிசோட்கள் முடிந்திருந்தன. பயப்பட வேண்டாம், அத்தனையும் தேவையில்லை. பெரும்பாலானவை ஒரு வாரத்தோடு முடியும் தனிக்கதைகள்: ஒரு பேய், ஒரு விநோத மனிதன், ஒரு விளக்க முடியாத மரணம். மீதமுள்ள கொஞ்சம்தான் வேற்றுக்கிரகச் சதியை இழுத்துச் செல்பவை. ரசிகர்கள் அவற்றை 'மித்தாலஜி' எபிசோட்கள் என்பார்கள். ஒவ்வொன்றும் சுமார் 45 நிமிடம்.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் மூன்று பாருங்கள்: முதல் சீசனின் முதல் எபிசோட், அதே சீசனின் கடைசி எபிசோட், ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோட். இரண்டே கால் மணி நேரம். மறுநாள் படம். இது குறைந்தபட்சம்.

இரண்டு வார இறுதிகள் ஒதுக்க முடியும் என்றால் நான் சொல்லும் வரிசை வேறு.

முதல் எபிசோடைத் தள்ளிவிடவே கூடாது. முல்டர் எஃப்.பி.ஐ. தலைமையகத்தின் அடித்தளத்தில், யாரும் தொட விரும்பாத வழக்குகளோடு உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கண்காணித்து அறிக்கை எழுத ஸ்கல்லியை மேலதிகாரிகள் அனுப்புகிறார்கள். இருவரும் ஓரிகானுக்குப் போகிறார்கள், தடயங்கள் சேர்க்கிறார்கள், தங்கியிருந்த விடுதி தீப்பிடித்து எல்லாம் சாம்பலாகிறது. ஒரே ஒரு உலோகத் துண்டு ஸ்கல்லியின் பையில் தப்புகிறது. அதை அவர் முறைப்படி மேலதிகாரிகளிடம் ஒப்படைக்கிறார். கடைசிக் காட்சியில், அதுவரை வாயே திறக்காமல் புகைத்துக்கொண்டிருந்த ஒருவர் அந்தத் துண்டை ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு நடந்து வெளியேறுகிறார். பெட்டி இருப்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பெண்டகனின் ஒரு பெரிய கிடங்கில். இந்த ஒரு நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் அத்தனைக்கும் வித்து இதுதான்.

அடுத்து முதல் சீசனின் 24ஆம் எபிசோட், 'த எர்லன்மையர் ஃபிளாஸ்க்'. வேற்றுக்கிரக மரபணுவை மனித உடலில் ஏற்றிச் சோதனை நடக்கிறது என்பது இங்கேதான் வெளியாகிறது. முதல் எபிசோடின் அந்தக் கிடங்கு மறுபடி வருகிறது.

இரண்டாம் சீசனில் 5, 6: 'டுவேன் பாரி', 'அசென்ஷன்'. ஸ்கல்லி கடத்தப்படுகிறார். நடிகை ஜில்லியன் ஆண்டர்சன் அப்போது கர்ப்பமாக இருந்தார். அவரைச் சில வாரம் திரையிலிருந்து விலக்க வேண்டியிருந்ததால் எழுதப்பட்ட கதை இது. தேவைக்காக எழுதிய ஒன்று தொடரின் முதுகெலும்பாகிவிட்டது. கடத்தலில் அவர் கழுத்தில் வைக்கப்பட்ட சில்லு, அதை எடுத்த பிறகு வரும் புற்றுநோய் என்று பல சீசன்களுக்கு அது நீள்கிறது.

பிறகு என் மனதுக்கு மிக நெருங்கிய மூன்று: இரண்டாம் சீசனின் கடைசி எபிசோட் 'அனசாசி', மூன்றாம் சீசனின் முதல் இரண்டு எபிசோட்கள் 'த பிளெஸ்ஸிங் வே', 'பேப்பர் கிளிப்'. பாதுகாப்புத் துறையின் ரகசியக் கோப்புகள் ஒரு நாடாவில் முல்டரின் கைக்கு வருகின்றன. எழுதப்பட்டிருப்பது நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியில். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படையினர் நவஹோ மொழியை வைத்து ரகசியச் செய்தி அனுப்பியது உண்மை வரலாறு. அதை இங்கே அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாடா பறிபோகிறது. ஆனால் ஒரு நவஹோ முதியவர் அதில் இருந்ததை மனப்பாடம் செய்து, தன் மக்களின் வாய்மொழி மரபுப்படி இருபது பேருக்குச் சொல்லி வைத்துவிடுகிறார். எரிக்கக்கூடிய காகிதத்திலிருந்து எரிக்க முடியாத நினைவுக்குத் தடயம் மாறுகிறது. இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் இதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாம் சீசன் 24 'டலித்தா கூமி'யும் நான்காம் சீசன் 1 'ஹெரன்ஃபோல்க்'கும் தேனீக்களுக்காக. நான்காம் சீசன் 8, 9 'டங்குஸ்கா', 'டெர்மா' கறுப்பு எண்ணெய்க்காக. ஐந்தாம் சீசன் 13, 14 'பேஷண்ட் எக்ஸ்', 'த ரெட் அண்ட் த பிளாக்' தடுப்பூசிக்காக. கடைசியில் ஐந்தாம் சீசன் 20, 'தி எண்ட்'. அதன் கடைசிக் காட்சியில் முல்டரின் அலுவலகத்துக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்த்துவிட்டால், படம் தொடங்கும்போது அவர்கள் ஏன் டல்லாஸ் நகரத்தில் வெடிகுண்டு தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தானாகப் புரியும்.

ஒரு சின்னத் தகவல். படம் எடுக்கப்பட்டது 1997 கோடையில், நான்காம் சீசனுக்கும் ஐந்தாம் சீசனுக்கும் இடையில். ஐந்தாம் சீசனை எழுதியவர்கள், ஏற்கனவே எடுத்து முடித்த படத்தின் வாசலில் கொண்டுபோய்க் கதையை நிறுத்த வேண்டியிருந்தது. கதை கசியாமல் இருக்கத் திரைக்கதையை ஜெராக்ஸ் எடுக்க முடியாத சிவப்புத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்களாம். அந்தப் பதற்றம் படத்துக்குள்ளும் இருக்கிறது.

முகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முல்டர் (டேவிட் டுகோவ்னி): பன்னிரண்டு வயதில் தன் தங்கை சமந்தா வேற்றுக்கிரகவாசிகளால் தூக்கிச் செல்லப்பட்டாள் என்று நம்புகிறவர். அவருடைய ஒவ்வொரு பிடிவாதத்துக்கும் பின்னால் அந்தச் சிறுமி இருக்கிறாள். ஸ்கல்லி (ஜில்லியன் ஆண்டர்சன்): மருத்துவர், அறிவியல் படித்தவர், சான்றில்லாமல் எதையும் ஏற்காதவர். நம்புகிறவரும் சந்தேகப்படுகிறவரும் என்று சுருக்கிச் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. முல்டருக்கு விடை முன்பே தெரியும், நிரூபிக்க வழி தெரியாது. ஸ்கல்லிக்கு நிரூபிக்கும் வழி தெரியும், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாது. இருவரில் ஒருவர் இல்லாமல் இன்னொருவர் ஒரு அடிகூட நகர முடியாது. படத்தின் நெஞ்சு இதுதான்.

சிகரெட் மனிதர் (வில்லியம் பி. டேவிஸ்), நேர்த்தியாக உடுத்தும் ஆங்கிலேயர் (ஜான் நெவில்): இருவரும் சிண்டிகேட் என்ற அந்த ரகசியக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஆங்கிலேயரைக் கூர்ந்து பாருங்கள். பேரப்பிள்ளைகள் உள்ளவர் அவர், அது கதைக்கு முக்கியம். ஸ்கின்னர் (மிட்ச் பிலெஜி): முல்டரின் மேலதிகாரி. படத்தில் கொஞ்சமாகத்தான் வருகிறார்.

படத்துக்கென்று புதிதாக வருகிறவர்களில் இருவர் முக்கியம். டாக்டர் கர்ட்ஸ்வைல் (மார்ட்டின் லாண்டவ்), முல்டரின் தந்தைக்குப் பழைய நண்பர், இருட்டுச் சந்தில் நின்று ரகசியம் சொல்கிறவர். ஸ்ட்ரக்ஹோல்ட் (ஆர்மின் மியூலர்-ஷ்டால்), கூட்டத்தின் தலைமையில் இருக்கும் ஜெர்மானியர். அவருக்கு ஏன் ஜெர்மன் பெயர் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நான்கு சொற்கள்

கறுப்பு எண்ணெய்: பார்க்கக் கச்சா எண்ணெய் போல இருக்கும், உயிருள்ளது. உடலுக்குள் ஊர்ந்து ஏறும். தொடரில் அது மனிதர்களை ஆட்டிவைக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அது உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் படம் சொல்கிறது.

தேனீயும் மக்காச்சோளமும்: நோயைப் பரப்பும் வாகனங்கள். தடுப்பூசி: கூட்டம் ரகசியமாகத் தயாரித்துக்கொண்டிருக்கும் மருந்து.

ஃபீமா: இது கற்பனை இல்லை. புயல், வெள்ளம், நிலநடுக்கம் வந்தால் நிவாரணம் ஒருங்கிணைக்கும் அமெரிக்க அரசு அமைப்பு, 1979இல் தொடங்கியது. பேரிடர் காலத்தில் அதற்குக் கிடைக்கும் அதிகாரத்தை வைத்து, நெருக்கடி என்ற பெயரில் நாட்டையே கையில் எடுத்துவிடும் என்ற பயம் அமெரிக்காவில் ஒரு சாராரிடம் உண்டு. கர்ட்ஸ்வைல் பேசுவது அந்தப் பயத்தின் மொழி. இது தெரியாவிட்டால் அவர் உளறுவது போலத்தான் தோன்றும்.

பார்க்க உட்காரும் நேரம்

இரவில் பாருங்கள். இருட்டிலேயே எடுத்த படம் இது. குகை, பிணவறை, சோளக்காடு எல்லாவற்றிலும் டார்ச் ஒளி மட்டும்தான் வழிகாட்டும். பகலில் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் பாதிப் படம் போய்விடும். செல்போனில் வேண்டாம். முடிந்தால் நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், மார்க் ஸ்னோவின் இசையும் தேனீக்களின் ரீங்காரமும் அப்போதுதான் முழுமையாகக் கேட்கும். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள். முக்கியமான தகவல்கள் பெரும்பாலும் முணுமுணுப்பாகத்தான் வரும்.

திரையின் ஓரத்தில் இடமும் நேரமும் எழுத்தாக வந்து போகும். அதை விடாமல் படியுங்கள். முதல் காட்சியே கி.மு. 35,000இல் வடக்கு டெக்சாஸ். அதே நிலம்தான் அடுத்த காட்சியும், வருடம் மட்டும் மாறுகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் தொடர்பு அறுந்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. படத்தின் தொடக்கத்தில் ஒரு அலுவலகக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது. 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரத்தில் ஆல்ஃபிரட் மர்ரா அரசுக் கட்டடம் தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்தார்கள். மூன்று வருடம் கழித்து வந்த இந்தப் படம் பாதி உடைந்து நிற்கும் கட்டடத்தைக் காட்டியபோது, அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு நினைவு வந்தது அந்த நாள்தான். நமக்கு ஒரு சண்டைக் காட்சி போல இருப்பது அவர்களுக்கு ஆறாத காயம்.

ஒரு தாளும் பேனாவும்

நான் சொல்லும் படிகளில் இதுதான் முக்கியம். மற்றதை எல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் தடயம் என்று ஒன்று தென்படும் ஒவ்வொரு முறையும் அதை எழுதுங்கள்: ஒரு பொருள், ஒரு உடல், ஒரு இடம், ஒரு மனிதரின் சாட்சி, எதுவானாலும். அது காணாமல் போகும்போது, பக்கத்தில் எப்படிப் போனது, யார் எடுத்தார்கள் என்று எழுதுங்கள். வேறெதையும் எழுத வேண்டாம்.

இந்த வகைப் படங்களில் எல்லோரும் வேற்றுக்கிரகவாசி எப்போது வருவான், எப்படி இருப்பான் என்றுதான் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்தால் இந்தப் படம் ஏமாற்றும். அவன் வருவது சில நிமிடங்கள்தான். படம் முழுக்க நடப்பது வேறு ஒன்று. தடயங்கள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், முறைப்படி அழிக்கப்படுகின்றன. அதைச் செய்கிறவர்கள் கோட்டும் டையும் அணிந்த, மரியாதையாகப் பேசும் மனிதர்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பார்த்தால் படையெடுப்பு எங்கே நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

என் தங்கை முதலில் இது பள்ளிக்கூடப் பயிற்சி போல இருக்கிறது என்றாள். ஒரு மணி நேரம் கழித்து, படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் நிறைய இருந்தது, வலது பக்கமும் அதே அளவு இருந்தது.

இனி கதை வெளிப்படும்: படம் பார்த்த பிறகு வாருங்கள்

சரி, பார்த்துவிட்டீர்கள். உங்கள் தாளை என்னுடையதோடு ஒப்பிடுவோம்.

சிறுவன் குகையில் எடுத்த மண்டையோடு முதல் தடயம். அவனும் அவனைக் காப்பாற்ற இறங்கிய தீயணைப்பு வீரர்களும் அடுத்தது. அவர்களுடைய உடல்களைக் கட்டடத்தில் வைத்து வெடிக்கவைத்து, குண்டுவெடிப்பில் இறந்தவர்கள் என்று கணக்கு எழுதிவிட்டார்கள். ஒரு மரணத்தை மறைக்க அதை இன்னொரு மரணமாகப் பதிவு செய்கிறார்கள். குண்டை வைத்ததைவிட என்னை அதிகம் உறைய வைத்தது அந்தக் கணக்குதான்.

குகை இருந்த இடத்துக்கு முல்டரும் ஸ்கல்லியும் போகும்போது அங்கே என்ன இருந்தது என்று எழுதினீர்களா? குழந்தைகள் விளையாட்டுத் திடல். புதிதாகப் பதித்த பச்சைப் புல், பளபளக்கும் ஊஞ்சல்கள். சுற்றிலும் காய்ந்த டெக்சாஸ் மண். படத்தின் சிறந்த காட்சி இது என்று சொல்லத் தயங்க மாட்டேன். ஒரு ரத்தத் துளி இல்லை, ஒரு துப்பாக்கி இல்லை, ஆனால் முதுகு சில்லிடுகிறது.

பிணவறையில் ஸ்கல்லி பார்த்த தீயணைப்பு வீரரின் உடல் அவர் கண்ணுக்கு மட்டும் சாட்சி. டல்லாஸில் கிடைத்த எலும்புத் துண்டுகள். சோளக்காடும் வெள்ளைக் கூடாரங்களும். கர்ட்ஸ்வைல். ஆங்கிலேயர், மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொன்ன சில நிமிடங்களில் காரோடு வெடித்துப்போகிறார். அண்டார்டிகாவின் பனிக்கடியில் புதைந்திருந்த விண்கலம் முல்டரின் கண்முன் எழும்பிப் பறந்துவிடுகிறது. அப்போது ஸ்கல்லிக்கு அதைத் தெளிவாகப் பார்க்கும் நிலை இல்லை. தொடர் முழுக்க இதுதான் அவர்கள் விதி: சாட்சி சொன்னால் உலகம் நம்பக்கூடிய ஒருவர் சரியான நொடியில் கண் மூடியிருப்பார்.

கடைசியில் தாளில் மிஞ்சுவது என்ன? ஒரு தேனீ. ஸ்கல்லி அதை விசாரணைக் குழுவின் மேசையில் வைக்கிறார். சுமார் 6 கோடியே 60 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம், விண்கலமும் வெடிகுண்டும் காட்டிய படம், தன் முழுக் கனத்தையும் ஒரு செத்த தேனீயின் மேல் வைக்கிறது. அந்தத் துணிச்சலுக்காகவே இந்தப் படத்தை எனக்குப் பிடிக்கும்.

தாளில் வராத இன்னொன்றும் உண்டு. முல்டரின் வீட்டு வாசல் தாழ்வாரத்தில் ஸ்கல்லி வேலையை விடப்போவதாகச் சொல்கிறார், முல்டர் தடுக்கிறார். படத்தின் கடைசியில் முல்டர் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்கிறார், இப்போது ஸ்கல்லி தடுக்கிறார். இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒருவர் வாதத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டிருப்பது தெரியும்.

அப்புறம், கறுப்பு எண்ணெய். கூட்டம் நினைத்தது, படையெடுப்புக்குப் பின் மனிதர்கள் அடிமைகளாக வாழ்வார்கள், தாங்கள் மட்டும் தப்பலாம் என்று. சிறுவனும் வீரர்களும் இறந்த விதத்தைப் பார்த்தபோதுதான் தெரிகிறது, மனித உடல் அந்த உயிருக்குக் கருப்பையும் உணவும் மட்டுமே. ஐம்பது வருடம் காட்டிக்கொடுத்தவர்களுக்குக் கிடைத்த செய்தி இது. ஆங்கிலேயர் ஏன் மனம் மாறினார் என்பதற்கு அந்தப் பேரப்பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியில் இருக்கும் உண்மை வரலாறு

இதைப் படிக்காமலும் படத்தை ரசிக்கலாம். ஆனால் இப்படி ஒரு கதையை அமெரிக்கர்கள் ஏன் இவ்வளவு எளிதில் நம்பத் தயாராக இருந்தார்கள் என்பது இதில்தான் இருக்கிறது.

1947 ஜூலை 8. நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் விமானத்தளம், ஒரு பறக்கும் தட்டு கிடைத்திருப்பதாகச் செய்தி வெளியிட்டது. உடனே அது வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னார்கள். 1994இல் அமெரிக்க விமானப்படை அறிக்கை உண்மையைச் சொன்னது. அது 'மோகல்' என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் தொடர், சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை மிக உயரத்திலிருந்து ஒட்டுக்கேட்க அனுப்பியது. ஆக, மூடிமறைப்பு உண்மை. மறைத்தது வேற்றுக்கிரகவாசியை இல்லை, பலூனை.

1952 முதல் 1969 வரை விமானப்படை நடத்திய 'புளூ புக்' திட்டம், வானில் பார்த்ததாக வந்த 12,618 புகார்களைப் பதிவு செய்தது. அவற்றில் 701 கடைசிவரை விளக்கப்படவில்லை. விளக்கப்படாதது என்றால் வேற்றுக்கிரகம் என்று பொருளில்லை. ஸ்கல்லியும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மருத்துவச் சோதனை பற்றிய பயத்துக்கு அடித்தளம் இதைவிடக் கனமானது. அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு அரசின் பொதுச் சுகாதாரத் துறை உரிய சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அதிபர் கிளின்டன் 1997 மே மாதம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதங்களில்தான் இந்தப் படத்தின் படப்பிடிப்பு. உடலைக் கோப்பாக மாற்றும் அரசு என்ற எண்ணம் கற்பனையிலிருந்து பிறந்ததில்லை.

சி.ஐ.ஏ. 1953இல் தொடங்கிய 'எம்.கே. அல்ட்ரா' மனக்கட்டுப்பாட்டுச் சோதனைகளும் அப்படியே. விஷயமே தெரியாத மனிதர்களுக்கு எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1973இல் அந்தக் கோப்புகளை அழிக்கச் சொல்லித் தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் உத்தரவிட்டார். கணக்குப் பதிவுகளோடு வேறு இடத்தில் சேர்ந்து கிடந்த சுமார் 20,000 ஆவணங்கள் மட்டும் தப்பி, 1977இல் வெளிவந்தன. அழிக்க நினைத்தவர்கள் தேட மறந்த பக்கங்கள். அந்தத் தேனீ எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றால் இதனால்தான்.

ஜெர்மன் பெயருக்கு வருவோம். போருக்குப் பின் 'பேப்பர்கிளிப்' நடவடிக்கையில் அமெரிக்கா ஜெர்மன் விஞ்ஞானிகளைத் தன் பக்கம் கொண்டுவந்தது. அப்படி வந்தவர்களில் விண்வெளி மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்பட்ட ஹியூபர்ட்டஸ் ஸ்ட்ரக்ஹோல்டும் ஒருவர். நாஜி காலச் சோதனைகளோடு அவருக்கு இருந்த தொடர்பு பற்றிய கேள்விகள் பின்னாளில் எழுந்தன. படத்தில் அந்தக் குடும்பப் பெயர் வரும்போது, வரலாறு தெரிந்தவர்களுக்கு வயிறு கலங்கும்.

இவை எல்லாம் ஆவணத்தோடு நிரூபிக்கப்பட்டவை. படத்தின் வேற்றுக்கிரகப் படையெடுப்பு கற்பனை. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். டஸ்கிகீயில் ஏமாற்றப்பட்டவர்களின் துயரத்தைப் பறக்கும் தட்டோடு ஒரே தட்டில் வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

படத்துக்குப் பிறகு

ஆறாம் சீசனின் முதல் எபிசோட் 'த பிகினிங்'கை அடுத்த நாளே பாருங்கள். விசாரணைக் குழு முல்டரின் சாட்சியத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது அதில் இருக்கிறது. பிறகு நேராக அதே சீசனின் 11, 12: 'டூ ஃபாதர்ஸ்', 'ஒன் சன்'. சிண்டிகேட்டின் கதை அங்கே ஒரு முடிவுக்கு வருகிறது. சதிக்கதை மட்டும் போதும் என்கிறவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளலாம், எதையும் இழக்க மாட்டார்கள். தொடர் 2002 வரை ஓடி, 2016இலும் 2018இலும் மறுபடி வந்தது. ஆனால் இந்த இறுக்கம் பிறகு திரும்பவில்லை என்பது என் கருத்து.

இவர்கள் இருவரையும் பிடித்துப்போனவர்கள் தனிக்கதைகளுக்குப் போங்கள். மூன்றாம் சீசன் 4, 'கிளைட் ப்ரக்மன்ஸ் ஃபைனல் ரிப்போஸ்' முதலில். தன் கண்ணில் படுகிறவர்கள் எப்படிச் சாவார்கள் என்று தெரிந்துவைத்திருக்கும் ஒரு காப்பீட்டு முகவரின் கதை அது. அதன்பின் அதே சீசனின் 20, 'ஹோஸே சங்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'. ஒரே கடத்தல் சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் அந்தக் கதை, தடயத் தாள் எழுதிப் பழகியவர்களுக்கு இரட்டிப்பு இன்பம் தரும்.

எல்லாம் முடிந்த ஒரு நாளில் முதல் எபிசோடின் கடைசி நிமிடத்தை மட்டும் திரும்பப் போடுங்கள். புகைபிடிக்கும் மனிதர் நடந்து வரும் அந்த நீண்ட கிடங்கில், இரண்டு பக்கமும் அடுக்கியிருக்கும் பெட்டிகளை இந்த முறை எண்ணிப் பாருங்கள்.